ஜெரோம் ஓட்டுவது லாரி

கொழும்பு வெள்ளவத்தையில் அந்த அடுக்குமாடி வீட்டின் வாசலில் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் கேள்வி வந்துவிட்டது.

"தம்பியும் ஜெரோமோட ஒபிஸிலதான் வேலையோ?"

கேட்டவர் சிவபாலன் ஐயா. என் நண்பன் ஜெரோமின் மாமனார். சாரம் என்கிற கட்டம் போட்ட லுங்கி, வெள்ளை பனியன், மூக்கின் நுனியில் கண்ணாடி, கையில் அன்றைய செய்தித்தாள். "ஒரே கம்பெனிதாங்க" என்றேன். அதில் பொய் இல்லை. ஜெரோமும் நானும் போலந்தில் ஒரே கம்பெனிக்கு டிரெய்லர் லாரி ஓட்டுகிறோம். கம்பெனிக்கு ஒரு ஆபீஸ் இருக்கிறது. அதற்குள் நாங்கள் போவது வண்டிச் சாவி வாங்கவும் திட்டு வாங்கவும்தான்.

ஜெரோம் லாரி ஓட்டுகிறான் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அதைச் சொல்வதற்காகத்தான் நான் கொழும்புக்கு வந்திருந்தேன்.

ஜெரோம் கொழும்பிலேயே கொட்டாஞ்சேனைப் பையன். ஒரு நிதி நிறுவனத்தில் டை கட்டி வேலை பார்த்தவன். பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நாடே வரிசையில் நின்ற காலத்தில் அந்த வேலை போனது. வீட்டுக்குத் தெரியாமல் கனரக வாகன லைசென்ஸ் எடுத்து, ஏஜென்சி மூலம் போலந்துக்கு வந்தான். வீட்டில் சொன்னது வேறு. சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் ஆபீஸ் வேலை, எந்த வண்டி எங்கே போகவேண்டும் என்று திட்டம் போடுகிற வேலை என்று சொல்லியிருந்தான். மேசைக்குப் பின்னால் நின்று எடுத்த படம் ஒன்றும் அனுப்பியிருந்தான்.

நான் விடுப்பில் என் ஊர் ராசிபுரத்துக்குக் கிளம்புகிற சமயம். ஜெர்மனியில் ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் ஜெரோம் என் கேபினில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே இல்லை.

"செல்வம் அண்ணே, தர்ஷினி வேலையை விடப்போறாள். வாற திங்கள் ஸ்கூல்ல எழுதிக் குடுக்கப்போறாளாம். அங்க வாறன், இனித் தனிய இருக்கேலாது எண்டுறாள்."

அவன் மனைவி ஆசிரியை. அங்கே ஒரு வீடு இருக்கிறது, அவன் தினமும் சாயங்காலம் அந்த வீட்டுக்குத் திரும்புகிறான் என்று நம்பிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு வீடு என்பது இருக்கைக்குப் பின்னால் உள்ள படுக்கைதான். வாரக்கணக்கில் ஓடிவிட்டுப் போலந்துக்குப் போனால், டிரைவர்கள் பலபேர் சேர்ந்து தங்கும் ஓர் அறை. அங்கே ஒரு பெண் வந்து என்ன செய்வாள்?

"போன்ல சொல்லேன்டா" என்றேன்.

"மூண்டு தரம் சொல்ல வெளிக்கிட்டனான் அண்ணே. ஒவ்வொரு தரமும் வேற எதையோ சொல்லிப்போட்டு வச்சிட்டன். நீங்க போய்ச் சொல்லுங்க. முதல்ல அவளிட்ட மட்டும்."

அவன் முகத்தைப் பார்த்தபிறகு மறுக்க முடியவில்லை.

அன்று சாப்பாடு இடியப்பம், சொதி, சம்பல், கத்தரிக்காய்ப் பால்கறி. சொதி மஞ்சளாக, தண்ணீராக இருக்கும் தேங்காய்ப்பால் குழம்பு. எங்கள் பக்கம் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலில் சர்க்கரை போட்டுக் கொடுப்பார்கள். இங்கே எலுமிச்சையும் பச்சை மிளகாயும். தட்டில் இடியப்பம் குறையும்போதெல்லாம் தர்ஷினி இன்னும் இரண்டு வைத்தாள். "அவர் அங்க என்ன சாப்பிடுறவர் அண்ணா? கன்டீன் இருக்கோ?" என்று கேட்டாள். "சமைச்சுக்கறோம்மா" என்றேன். அதுவும் பொய் இல்லை. வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியில் சின்ன கேஸ் அடுப்பு வைத்திருக்கிறோம். மழை பெய்தால் ரொட்டி.

சிவபாலன் ஐயா செய்தித்தாளை மடித்தார். "பாத்தீங்களோ தம்பி. வடக்குப் பாதையில லொறியொண்டு மோட்டர்சைக்கிளை அடிச்சிருக்கு. சாரதி தப்பியோட்டம். இந்த லொறிக்காரருக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டில்லை. குடிக்கிறது, நித்திரையில ஓடுறது, ஆளை அடிச்சுப்போட்டு ஓடுறது."

நான் சம்பலைப் பிசைந்துகொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பேப்பரிலும் இதே வரிதான் வரும். டிரைவருக்குப் பெயர் இருக்காது. தப்பி ஓட்டம் என்று மட்டும் இருக்கும். ஓடாமல் நின்றவன் ஒருவனை எனக்குத் தெரியும். ராசிபுரத்துக்காரன், என்னோடு பம்பாய் லைன் ஓடியவன். அடிபட்டவரைத் தூக்கி நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுத்தான். கூடிய கூட்டம் அவனை அடித்ததில் ஒரு கண் போனது. தப்பு யார்மேல் என்று பிறகுதான் விசாரித்தார்கள். லாரிக்காரன்மேல் இல்லை. அவனுக்குக் கண் திரும்பவில்லை.

அன்று எதுவும் சொல்லாமல் கை கழுவினேன். ஜெரோம் அவளிடம்தான் முதலில் சொல்லச் சொல்லியிருந்தான்.

மறுநாள் சனிக்கிழமை. "அண்ணாவுக்குக் கடல் காட்டுறன்" என்று தர்ஷினி கூட்டிப்போனாள். வெள்ளவத்தையில் எந்தக் குறுக்குத் தெருவில் இறங்கினாலும் கடைசியில் தண்டவாளமும் அதற்கப்பால் கடலும் வருகிறது. சனங்கள் தண்டவாளத்தைச் சாதாரணமாகத் தாண்டிப் போகிறார்கள். ரயில் வந்தால் ஒதுங்கி நிற்கிறார்கள். கருங்கல் பாறைகளில் உட்கார்ந்தோம். அவித்த கடலை வாங்கி எனக்குக் கொடுத்தாள். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

"அண்ணா, நீங்கள் ஏதோ சொல்ல வந்திருக்கிறீங்கள்" என்றாள். "நேற்றே விளங்கிட்டுது. அவருக்கு உடம்புக்கு ஏதுமோ?"

"இல்லம்மா. நல்லா இருக்கான்."

"வேற ஆரும் பொம்பிளை?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல."

"அப்ப சொல்லுங்கோ. இனி எதெண்டாலும் தாங்குவன்."

"ஜெரோம் ஆபீஸ்ல இல்லம்மா. லாரி ஓட்டறான். நானும்தான். ரெண்டு பேரும் டிரைவருங்க."

எங்களுக்குப் பின்னால் ரயில் போனது. கடைசிப் பெட்டி போகும்வரை அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த மேசை?"

"வண்டிகளை அனுப்பற ஆளோட மேசை. அவர் காபி குடிக்கப் போனப்போ எடுத்தது. நான்தான் எடுத்தேன்."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"லொறி ஓடுறது எனக்குப் பெரிய விசயமில்லை அண்ணா. ஒவ்வொரு நாளும் பின்னேரம் போன் எடுத்து, 'வீட்ட வந்திட்டன், குளிச்சிட்டுக் கதைக்கிறன்' எண்டு சொல்லுவார். நானும் சரியெண்டு காத்துக்கொண்டிருப்பன். எங்க குளிச்சவர்?"

"வண்டி நிறுத்தற எடத்துல, வரிசையில நின்னு. சில நாள் குளிக்கறது இல்லம்மா."

அதற்குத்தான் அவள் அழுதாள்.

பிறகு கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். எங்கே படுப்பது, யார் துவைப்பது, பனியில் என்ன செய்வது, திருடர் வந்தால் என்ன செய்வது. நான் ஒன்றையும் மறைக்கவில்லை. சரக்கு இறக்கும் இடங்களில் கழிப்பறைக் கதவில் 'டிரைவர்களுக்கு இல்லை' என்று எழுதியிருப்பதையும் சொன்னேன். நேரத்துக்குப் போனால் மணிக்கணக்கில் காக்கவைத்துவிட்டு, கொஞ்சம் தாமதமாகப் போனால் கத்துவார்கள் என்பதையும் சொன்னேன். ஒரு கிடங்கில் ஒருத்தி ஜெரோமிடம் பேனாவைக் கையில் கொடுக்காமல் மேசையில் போட்டு, தொடாமல் தள்ளினாள். "நான் ஒரு காலத்தில சனத்துக்குக் கதிரை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னவன் அண்ணே" என்று மறுநாள் சொன்னான்.

நல்லதையும் சொன்னேன். ஆல்ப்ஸ் மலையில் ஒரு வளைவு. அங்கே வரும்போதெல்லாம் அவன் எனக்கு போன் போட்டு, "அண்ணே, இப்ப அந்த இடம்" என்பான். அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டான்.

"உங்களிட்டச் சொல்லச் சொல்லி அனுப்பத் தெரிஞ்சிருக்கு. என்னட்டச் சொல்லத் தெரியேல்ல" என்றாள் எழுந்திருக்கும்போது.

சாயங்காலம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தவள், நின்றபடியே சொன்னாள். "அப்பா, செல்வம் அண்ணா லொறி ஓடுறவர். ஜெரோமும் அங்க லொறிதான் ஓடுறார்."

சிவபாலன் ஐயா கோப்பையைக் கீழே வைத்தார். முதலில் என்னைத்தான் பார்த்தார். "தம்பி, நேற்று நான் கதைச்சது... நான் உங்களைச் சொல்லேல்ல."

"தெரியுங்க ஐயா."

அவருடைய வெட்கம் உண்மையானது. ஆனால் அடுத்து வந்ததும் உண்மைதான். "மேல் வீட்டுக்காரர் கேட்டா என்னெண்டு சொல்லுறது மகள்? பெடியன் கிறிஸ்தவன், வேற சமயம் எண்டு சொந்தக்காரர் கதைச்சவை. நான் எல்லாருக்கும் 'பெடியன் நல்ல உத்தியோகம்' எண்டு சொல்லித்தானே கலியாணம் செய்துவச்சனான்."

"உழைக்கிறார் எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

அவர் எழுந்து பால்கனிக்குப் போனார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். எனக்குக் கல்யாணமானபோது என் மாமனார், கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை 'சொந்தத் தொழில்' என்று போட்டால்தான் ஆச்சு என்று நின்றார். லாரிக்குப் பெயர்போன ஊர் எங்களுடையது. பாதி ஊர் லாரியால் சாப்பிடுகிறது. அங்கேயும் லாரி முதலாளிக்குத்தான் பெண் கொடுப்பார்கள், டிரைவருக்கு யோசிப்பார்கள்.

அன்று ஜெரோம் அவளுக்கு போன் போட்டான். அவள் எடுக்கவில்லை. எனக்கு அடித்தான். "சொல்லிட்டேன்" என்றேன். "என்ன சொன்னவள்?" "நீ எங்க குளிச்சேன்னு கேட்டுச்சு."

ஞாயிறு காலை தர்ஷினி தயாராக நின்றாள். "கொட்டாஞ்சேனைக்குப் போவம் அண்ணா. மாமாவுக்கும் தெரியவேணும். போன்ல கேள்விப்படக்கூடாது." மாமா என்றது ஜெரோமின் அப்பாவை. அவர் பெயர் சேவியர். அவரைப் பற்றி ஜெரோம் என்னிடம் அதிகம் சொன்னதில்லை. அப்பாவும் முன்பு லாரி ஓட்டியவர் என்று ஒருமுறை சொன்னான். அதற்குமேல் கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டான்.

கோட்டை ஸ்டேஷன் வரைக்கும் ரயில். ஜன்னலை ஒட்டியே கடல் வருகிறது. அலை தெறித்து முழங்கை நனைந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். "கடலுக்கும் டிக்கெட் எடுத்தீங்களோ எண்டு கேக்கிறார்" என்று தர்ஷினி மொழிபெயர்த்தாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

கோட்டையிலிருந்து முச்சக்கர வண்டி. துறைமுகத்துப் பக்கம் ஒரு திருப்பத்தில் கன்டெய்னர் லாரி ஒன்று இடது பக்கம் திரும்ப, முதலில் வலது பக்கம் அகலமாக ஒதுங்கியது. நீளமான வண்டிக்கு வேறு வழி கிடையாது. இடைவெளியைப் பார்த்த எங்கள் டிரைவர், ஹாரனை அடித்துக்கொண்டு அந்த இடது பக்கத்துக்குள் நுழைந்தார். நான் "வேண்டாங்க!" என்று கத்தினேன். அவருக்குத் தமிழ் புரியவில்லையோ, கேட்கவில்லையோ. டிரெய்லரின் பின்பக்கம் நெருங்கி வந்து எங்கள் வண்டியின் கண்ணாடியை உடைத்து, தகரக் கதவை நசுக்கி நின்றது. எங்களுக்கு அடி இல்லை.

எங்கிருந்துதான் வந்தார்களோ, நொடியில் கூட்டம். கன்டெய்னர் டிரைவர் இறங்கிவந்தார். நரைத்த தாடி, நெற்றியில் தொழுகைத் தழும்பு. என்ன ஆச்சு என்று குனிந்து எங்களைப் பார்க்கத்தான் வந்தார். ஒருவன் அவர் சட்டையைப் பிடித்தான். இன்னொருவன் கன்னத்தில் அறைந்தான். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. அவர் கையை ஓங்கவில்லை. வாயும் திறக்கவில்லை. இரண்டு கையையும் இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டபடி நின்றார். அது பழக்கத்தில் வருவது. கையைத் தூக்கினால், தடுக்கத்தான் தூக்கினான் என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

நான் இறங்கி நடுவில் போனேன். தமிழில் ஏதேதோ சொன்னேன். ஒருவன் என்னையும் தள்ளினான்.

அப்போது தர்ஷினியின் குரல் கேட்டது. வகுப்பறைக் குரல். சிங்களத்தில் பேசினாள். பிறகு எனக்குச் சொன்னதை வைத்து எழுதுகிறேன். "அவரை விடுங்க. வண்டிக்குள்ள இருந்தது நான். நாங்கள்தான் உள்ள நுழைஞ்சது. அடிபட்டிருந்தா எனக்குத்தான் பட்டிருக்கும். எனக்கில்லாத கோபம் உங்களுக்கு என்னத்துக்கு?"

சட்டையைப் பிடித்திருந்தவன் விட்டான். எங்கள் டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அம்மா சொல்வது சரிதான், நான்தான் புகுந்தேன்" என்று ஒப்புக்கொண்டார். பின்னால் வாகனங்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. தாடிக்காரர் அவளைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்தார். ஏறி, இன்ஜினைப் போட்டு, இம்மி இம்மியாகத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

மிச்ச தூரம் நடந்தோம். கொஞ்ச தூரம் போனபிறகு, "அவர் ஒண்டும் கதைக்கேல்லையே அண்ணா" என்றாள்.

"பேசுனா இன்னொண்ணு விழும்மா."

"ஜெரோமுக்கும் இப்பிடி நடந்திருக்கோ?"

"அங்க கை வைக்க மாட்டாங்க. வேற மாதிரி இருக்கும்."

நடந்துகொண்டே என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தெரு கடக்கத்தான் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். கடந்த பிறகும் விடவில்லை.

சேவியர் ஐயாவின் வீடு ஒரு ஒடுங்கிய சந்துக்குள். இரண்டு அறை. வாசலில் நீல பெயின்ட், சுவரில் அந்தோனியார் படம். பூசைக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையோடு அவரே மீன் குழம்பு வைத்திருந்தார். நல்ல உயரம். வலது தோள் இடதைவிடத் தாழ்ந்திருந்தது. என் கையைப் பிடித்துக் குலுக்கியவர் உள்ளங்கையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்திருந்தார். பாண் ரொட்டி, மீன் குழம்பு, வெங்காயச் சம்பல். "பாரை மீன் தம்பி. காலையில வாங்கினது" என்றார். நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை தர்ஷினி காத்திருந்தாள்.

"மாமா, ஜெரோம் அங்க லொறி ஓடுறார்."

அவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றி முடித்தார். கிளாஸை என் பக்கம் தள்ளினார்.

"இவங்க கை சொல்லிச்சு" என்றார். "இவங்க டிரைவர் எண்டு கையப் பிடிச்சதுமே தெரிஞ்சுது. ஒபிஸ் கூட்டாளி எண்டுதானே சொன்னான். அப்பவே யோசிச்சேன்."

"கோபமா மாமா?"

அவர் எழுந்து போய் முற்றத்துக் குழாயில் பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினார். தர்ஷினி போய் வாங்கப் பார்த்தாள். கொடுக்கவில்லை. கழுவின சட்டியையே திரும்பவும் கழுவினார். பிறகு ஈரக் கையோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"தம்பி, நான் கொழும்பு - யாழ்ப்பாணம் லைன் ஓடினவன். சண்டைக் காலம். ஒரு செக்பொயின்ட்ல எல்லா மூட்டையும் இறக்கு எண்டுவான். இறக்கி ஏத்தினா, அடுத்ததில திரும்ப இறக்கு எண்டுவான். இந்தப் பக்கத்தான் கேப்பான், அவங்களுக்கு என்ன கொண்டு போறாய் எண்டு. அந்தப் பக்கத்தான் கேப்பான், இவங்களுக்கு என்ன சொல்லப் போறாய் எண்டு. நான் கொண்டு போனது மாவும் சீனியும். லொறிக்குக் கீழதான் படுக்கிறது. அதெல்லாம் பெரிசில்ல. அது வேலை."

கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

"அவண்ட அம்மா செத்த நேரம் நான் வவுனியாவில நிக்கிறேன். லொறி எல்லாம் வரிசையில நிக்குது, பாதை திறக்கல. போன் இல்ல. கொழும்பிலிருந்து வந்த இன்னொரு டிரைவர்தான் வந்து சொன்னான். வண்டிய விட்டிட்டு வந்தேன். வந்து சேரக்குள்ள அடக்கம் முடிஞ்சுது. இவன் சின்னப் பொடியன். என்னப் பாத்து ஒரு வார்த்தை கதைக்கல்ல. மாசக்கணக்காக் கதைக்கல்ல. அப்பதான் அவனுக்குச் சொன்னேன். மகன், நான் ஓடுற வரைக்கும் ஓடுறேன். நீ ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது. வீட்டில ஆராவது சாகக்குள்ள நீ வீட்டில இருக்கோணும்."

தர்ஷினி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் இது புதிது. மனைவியிடம் ஏன் சொல்ல முடியவில்லை என்பது அப்போது எங்கள் இருவருக்குமே விளங்கியது. மனைவிக்குத் தெரிந்தால் அப்பாவுக்குத் தெரியும். அவன் மறைத்தது வெள்ளவத்தை மாமனாருக்காக அல்ல.

"இப்ப அவனும் ஓடுறான்" என்றார் சேவியர் ஐயா. "அப்ப நான் என்னத்துக்கு ஓடினேன்?"

சந்தில் யாரோ மீன் கூவிக்கொண்டு போனார்கள்.

தர்ஷினியின் போன் அடித்தது. ஜெரோம். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை லாரி ஓடக்கூடாது. அதனால் அன்று முழுவதும் எங்காவது நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்போம். இந்தமுறை அவள் எடுத்தாள். திரையில் அவன் முகம். சவரம் செய்திருந்தான், நல்ல சட்டை போட்டிருந்தான். பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். அது கேபினின் பின்சுவர். எனக்குத் தெரியும்.

"கமராவைத் திருப்புங்கோ" என்றாள்.

"தர்ஷினி, நான்..."

"பிறகு கதைப்பம். இப்ப நீங்கள் இருக்கிற இடத்தைக் காட்டுங்கோ."

அவன் திருப்பினான். படுக்கை, மடித்த போர்வை, தொங்கும் துண்டு, ஸ்டீயரிங், டாஷ்போர்டில் ஒரு சின்ன மாதா சொரூபம். கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். வரிசையாக லாரிகள். இரண்டு வண்டிக்கு நடுவில் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தான். கீழே அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. தர்ஷினி ஒவ்வொன்றையும் பார்த்தாள். "அது என்ன கறி?" என்றாள். "பருப்பு" என்றான்.

"நான் நாளைக்கு ஸ்கூல்ல எழுதிக் குடுக்கப்போறதில்லை. ஸ்கூல் லீவுக்கு வாறன். அதுவரைக்கும் ஒவ்வொரு நாளும் எங்க நிக்கிறீங்களோ அந்த இடத்தைக் காட்டவேணும். நல்ல இடம் தேடிக் காட்டக்கூடாது."

"சரி."

"மாமாவும் இங்கதான் இருக்கிறார். அவருக்கும் தெரியும்."

அவள் போனைத் திருப்பினாள். சேவியர் ஐயா அதற்குள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். திரையில் தெரிந்தது அவர் முதுகு மட்டும். ஜெரோம் "அப்பா" என்றான். இரண்டு முறை. அவர் திரும்பவில்லை. போகவும் இல்லை. போன் வைக்கும்வரை அதே இடத்தில் நின்றார்.

புறப்படும்போது சந்துமுனை வரை என்னோடு வந்தார். தர்ஷினி முன்னால் நடந்தாள். "நீங்க திரும்ப அங்கதானே போறீங்க" என்றார். "அவனுக்குச் சொல்லுங்க. நான் கோபமா இருக்கேன் எண்டு."

"சொல்றேங்க ஐயா."

"கோபம் எண்டுதான் சொல்லோணும். வேற ஒண்டும் சொல்லக்கூடாது."

கண் சிவந்திருந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை தர்ஷினி வழக்கம்போல் சேலை கட்டி, குடை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். சிவபாலன் ஐயா என்னை வழியனுப்பக் கீழே வரைக்கும் வந்தார். லிஃப்டில் மேல்வீட்டுக்காரர் ஏறினார். "மருமகனோட கூட்டாளி. இவையெல்லாம் ட்ரான்ஸ்போர்ட் லைன்" என்று அறிமுகம் செய்தார். லாரி என்ற சொல் வரவில்லை. ஆனால் என் பையை அவரே தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் வைத்தார். கொடுங்க ஐயா என்று எவ்வளவு கேட்டும் தரவில்லை.

ஊரில் விடுப்பு முடிந்து போலந்துக்குத் திரும்பி ஜெரோமைப் பார்த்ததும், சொன்னபடி, உங்கப்பா கோபமா இருக்கார் என்று மட்டும் சொன்னேன். அவன் தலையாட்டினான். அதன்பிறகு தினமும் இறங்கி வண்டிக்கு முன்னால் நின்று போனை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவான். சில நாள் அதில் நானும் தெரிவேன். கையை ஆட்டுவேன்.

தர்ஷினி லீவில் கிளம்புவதற்கு முன்பே, கிறிஸ்துமஸுக்கு, அவர்கள் சொல்வதுபோல் நத்தாருக்கு, ஜெரோமே ஊருக்குப் போனான். அவன் போட்ட கணக்குப்படி போகவில்லை. கடைசி ஓட்டம் பனியில் நீண்டு, வண்டியை ஒப்படைத்துவிட்டு நேரே விமான நிலையம் போனான். கொழும்பில் இறங்கியதும் தர்ஷினியோடு கொட்டாஞ்சேனைக்குத்தான் முதலில் போனானாம். இதை எனக்குச் சொன்னது தர்ஷினி.

சேவியர் ஐயா கதவைத் திறந்தார். மகனைப் பார்த்தார். முகத்தையும் கண்ணையும் பார்த்தார். உள் அறையில் தன் கட்டிலைத் தட்டி விரித்து, ஜன்னலுக்கு ஒரு சாரத்தைக் குறுக்கே கட்டினார். "படு" என்றார். அவ்வளவுதான். ஜெரோம் ஷூவோடு உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டான். ஷூவைக் கழற்றியது அவர்.

வெளியே சந்து முழுக்க நத்தார். எதிர் வீட்டில் பெரிய ஸ்பீக்கர் போட்டுப் பைலா ஆட்டப்பாட்டு. சிறுவர்கள் வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். சேவியர் ஐயா வெளியே போய் வாசற்படியில் நின்றார். எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். பாட்டைக் குறைக்கச் சொன்னார். வெடி வைத்திருந்த பிள்ளைகளை மற்றச் சந்துக்கு அனுப்பினார்.

"என்ன அங்கிள், நத்தார்தானே" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.

அவர் எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் அறைக்குள் கேட்காதபடி சொன்னாராம்: "மகன் படுத்திருக்கான். லொறி ஓடுறவன். தூரத்திலிருந்து ஓடி வந்திருக்கான்."

சந்து அடங்கியது. அவன் எழும்பும்வரை அவர் வாசலைவிட்டு அசையவில்லை என்று தர்ஷினி சொன்னாள்.